போர்ட்டிக்சன் கடற்கரை: காணத்தக்கனவும் கற்கத்தக்கனவும்

தமிழ்ப் பள்ளிகளில் கட்டுரைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குக் ‘கடற்கரையில் ஒரு நாள்’ என்னும் தலைப்பு புதியதன்று. மாணவர் எழுதித் தரும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஓரச்சில் வார்த்தவையாகவே இருக்கும். விடியற்காலையில் எழுந்தனர், பேருந்தில் ஏறினர், கடலில் குளித்தனர், கட்டுச்சோறு உண்டனர், மாலையில் களைத்து வீடு திரும்பினர். எந்தக் கடற்கரை என்பதை அக்கட்டுரையிலிருந்து அறிய இயலாது. ஊரின் பெயரை மாற்றிவிட்டால் அதே கட்டுரை வேறோர் ஊருக்கும் பொருந்தும்.

இக்குறையை மாணவரின் மொழித்திறத்தின்மேல் ஏற்றுவது முறையன்று. கண்ட பொருளுக்குப் பெயர் தெரியாதவனுக்கு அதைப் பற்றி எழுதச் சொல் எங்கிருந்து வரும்? காட்டுவோர் இல்லாத இடத்தில் கண் இருந்தும் பயனில்லை. ஆகவே, மலேசியத் தமிழ் மாணவர் பலர் ஒருமுறையேனும் சென்று வந்த போர்ட்டிக்சன் கடற்கரையில் காணத்தக்கவை எவை, அவற்றின் வரலாறு யாது என்பதை முறைப்படுத்திக் கூறுவது பயனுடையதாகும்.

போர்ட்டிக்சன் நெகிரி செம்பிலான் மாநிலத்தைச் சேர்ந்தது. அம்மாநிலத்தில் கடலைத் தொடும் மாவட்டம் இஃதொன்றே. கோலாலம்பூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் மலாக்கா நீரிணையை நோக்கி அமைந்துள்ளது. நகரிலிருந்து தெற்கே தஞ்சோங் துவான் என்னும் முனை வரையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டருக்கு மணற்கரை தொடர்கிறது. சிரம்பானிலிருந்து பழைய சாலை வழியே வருவோர் முதலில் காண்பது லுக்குட். அங்கிருந்தே தொடங்குவோம்.

லுக்குட்: தலைநகரின் வேர்

கடலுக்கு விரையும் வண்டிகள் லுக்குட்டில் நிற்பதில்லை. ஆயினும், தலைநகரிலிருந்து வருவோர் அனைவரும் நின்று பார்க்கவேண்டிய இடம் அது. இன்று சிற்றூராகத் தோன்றும் லுக்குட், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈயத்தால் செழித்த ஊர். அப்போது அது சிலாங்கூரைச் சேர்ந்திருந்தது. அதனை ஆண்டவர் ராஜா ஜூமாட் என்னும் பூகிஸ் மரபினர். அவர் 1847ஆம் ஆண்டில் குன்றின்மேல் ஒரு கோட்டை எழுப்பினார். அக்கோட்டையின் அகழியையும் மதிலின் எச்சங்களையும் இன்றும் காணலாம்.

ராஜா ஜூமாட்டின் உடன்பிறந்தாரான ராஜா அப்துல்லா கிள்ளானை ஆண்டார். லுக்குட்டைப் போலவே கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியிலும் ஈயம் கிடைக்கும் என்று உடன்பிறந்தார் இருவரும் கருதினர். மலாக்கா வணிகரிடம் முதல் திரட்டினர். 1857ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர் ஆற்றின் வழியே மேலே சென்று அம்பாங்கில் சுரங்கம் தோண்டினர். ஒரு திங்களுக்குள் காட்டுக் காய்ச்சல் அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது; எஞ்சியவர் 18 பேரே. ஆயினும் மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுக்குப் பண்டம் இறக்கும் துறையாக, ஆறுகள் கூடும் இடத்தில் எழுந்த குடியிருப்பே கோலாலம்பூர். அதன் முதல் சீனத் தலைவரான ஹியூ சியூ லுக்குட்டிலிருந்து சென்ற வணிகர். பின்னாளில் அந்நகரைப் பெருநகராக வளர்த்த யாப் ஆ லோய், இளமையில் லுக்குட் ஈயச் சுரங்கம் ஒன்றில் சமையற்காரராக வேலை செய்தவர்.

விடுமுறைக்குத் தலைநகரை விட்டு வருவோர், அத்தலைநகர் பிறப்பதற்குக் காரணமான ஊரின் வழியே அறியாமல் கடந்து செல்கின்றனர். ராஜா ஜூமாட் 1864ஆம் ஆண்டில் இறந்தபின் லுக்குட் தளர்ந்தது. 1880ஆம் ஆண்டில் அது சுங்கை ஊஜோங்கின் ஆட்சிக்கு மாறியது. கோட்டையின் அருகே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் கடலடியிலிருந்து எடுத்த பொருள்கள் சில வைக்கப்பட்டுள்ளன. அவை எந்தக் கப்பலுக்குரியவை என்பது பின்னர் விளங்கும்.

ஊர்ப்பெயரும் இரயிலும்

போர்ட்டிக்சன் என்பது ஆங்கிலேயர் இட்ட பெயர். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் காலனித்துவச் செயலாளராக 1885 முதல் பணிபுரிந்த சர் ஜான் பிரெடெரிக் டிக்சனின் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது என்று பொதுவாகக் கூறுவர். அவர் இலங்கை ஆட்சிப் பணியிலிருந்து இங்கு வந்தவர். பாலி மொழியிலுள்ள பௌத்தத் துறவு நெறி நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அதற்கு முன்னர் இவ்விடத்துக்கு வழங்கிய மலாய்ப் பெயர்களுள் ஒன்று ‘ஆராங்’ என்பது. ஆராங் என்றால் கரி.

சுங்கை ஊஜோங்கின் ஈயம் முன்பு லிங்கி ஆற்றின் வழியே படகுகளில் கடலை அடைந்தது. ஆற்று வழி நீண்டது. கப்பல்கள் நெருங்கவும் இயலாது. ஆதலால் கடலோரத்தில் துறைமுகமும், அதனைச் சிரம்பானோடு இணைக்க இரயில் பாதையும் வேண்டியிருந்தன. 1891ஆம் ஆண்டில் அப்பாதை திறக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டின் தைப்பிங் பாதைக்கும் 1886ஆம் ஆண்டின் கோலாலம்பூர்–கிள்ளான் பாதைக்கும் அடுத்ததாகத் தீபகற்பத்தில் ஓடிய இரயில் இது. அரசினர் அமைத்த மற்ற இரண்டையும் போலன்றி இதனைத் தனியார் நிறுவனம் ஒன்று நடத்தியது. 1908ஆம் ஆண்டில் அரசு இரயில்வே இதனை ஏற்றது.

மலாயாவின் இரயில் பாதைகளைத் தமிழரை நீக்கி எண்ணிப்பார்க்க இயலாது. பாதையில் சல்லி கொட்டியவரும் கட்டை அடுக்கியவரும் தமிழகத்துத் தொழிலாளர். நிலையங்களில் கணக்கெழுதியவரும் கொடி காட்டியவரும் பலவிடங்களில் யாழ்ப்பாணத் தமிழர். ஈயத்துக்குப்பின் இரப்பர் வந்தது. போர்ட்டிக்சன் மாவட்டத்தில் சுவா பெத்தோங், அதர்ட்டன் முதலிய தோட்டங்கள் எழுந்தன. லயங்களும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் உடன் எழுந்தன. இன்று சிரம்பான்–போர்ட்டிக்சன் பாதையில் இரயில் ஓடுவதில்லை. பயணிகள் வண்டி முன்னரே நின்றது. எண்ணெய் ஏற்றிச் சென்ற வண்டிகளும் பின்னர் நின்றன. புதர் மூடிய தண்டவாளத்தைக் கண்ட மாணவன், அது ஏன் போடப்பட்டது என்று கேட்பானாயின், அவ்வொரு கேள்வியிலேயே ஈயம், இரப்பர், தமிழர் வருகை ஆகிய மூன்று பாடங்களும் அடங்கும்.

கட்டைக் கணக்கு

நகரிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைச் சாலையில் இடங்களுக்கு எண்ணே பெயராக வழங்குகிறது. மலாய் மொழியில் ‘பத்து 4’, ‘பத்து 8’ என்பர். பத்து என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கல் என்பது பொருள். நம் எண்ணுப்பெயரோடு இதற்கு உறவில்லை. சாலையோரத்து மைற்கல்லைக் குறித்த சொல் நாளடைவில் மைலையே குறித்தது. தமிழகத்துச் சிற்றூர்களிலும் ‘மூன்று கல் தொலைவு’ என்று கூறும் வழக்கு உண்டு. மலாய் வழக்கும் தமிழ் வழக்கும் இங்கே ஒன்றையொன்று அறியாமலே ஒத்திருக்கின்றன.

மலாயாத் தமிழரோ கல் என்னாமல் ‘கட்டை’ என்றனர். நாலாங்கட்டை, எட்டாங்கட்டை என்று தோட்டத்து மக்கள் கூறினால், அது நகரிலிருந்து அத்தனை மைல் தொலைவிலுள்ள இடம் என்று பொருள். இச்சொல் இந்நாட்டுத் தமிழரிடையே வேரூன்றிய வழக்கு. 1970ஆம் ஆண்டுகளில் மெட்ரிக் அளவு வந்தபின் மைற்கற்கள் படிப்படியாக மறைந்தன. சாலைப் பலகைகள் கிலோமீட்டரைக் காட்டுகின்றன. எட்டாங்கட்டையை இன்றைய அளவில் கூறினால் 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். எனினும் பெயர் மட்டும் மாறவில்லை. அளவு மறைந்தபின்னும் அளவின் பெயர் ஊராக நிற்பதற்கு இச்சாலை நல்லதொரு சான்று.

இச்சொல்லை அறிந்து பேசும் தலைமுறை குறைந்து வருகிறது. ‘கட்டை’ என்று தாத்தா கூறினால் பேரனுக்கு விறகே நினைவுக்கு வரும். வட்டார வழக்கு அகராதிகளில் இடம்பெற வேண்டிய இத்தகைய சொற்கள், கேட்டு எழுதுவோர் இல்லாமல் முதியோரோடு மறையும் நிலையில் உள்ளன.

சாலையை ஒட்டி நாலாங்கட்டை அளவில் தரைப்படையின் அருங்காட்சியகம் உள்ளது. பழைய பீரங்கிகளும் கவச வண்டிகளும் அங்கே நிற்கின்றன. அது இவ்வூரில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1933ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளன்று 25 இளைஞரைக் கொண்டு மலாய்ப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது போர்ட்டிக்சனிலேயாம்.

நெய்தல் நிலம் கண்முன்

இலக்கிய வகுப்பில் ஐந்திணை கற்பிக்கும் ஆசிரியர், குறிஞ்சிக்கு மலையையும் முல்லைக்குக் காட்டையும் படத்தில் காட்டுவர். நெய்தலுக்குப் படம் வேண்டியதில்லை. போர்ட்டிக்சன் கரை போதும். சங்கப் புலவர் நெய்தல் நிலத்துக்குரியவாகக் கூறிய மரஞ்செடிகளுள் மூன்று, மலேசிய மணற்கரைகளிலும் இயல்பாக வளர்வன. அவை அடும்பு, புன்னை, தாழை.

அடும்பு மணலில் படரும் கொடி. ஊதா கலந்த செந்நிறப் பூப் பூக்கும். இதன் இலை நுனியில் பிளந்திருக்கும். அப்பிளவைக் கண்ட சங்கப் புலவர் இலையை மானின் அடிக்கு உவமை கூறினார். மலாய் மக்கள் இதற்கு ‘தாப்பாக் கூடா’ என்று பெயரிட்டனர். அதற்குக் குதிரைக் குளம்பு என்பது பொருள். ஐரோப்பியச் செடிநூலார் இட்ட இலத்தீன் பெயரோ ஆட்டின் அடி என்னும் பொருளுடையது. ஒரே இலையில் மூன்று மக்கள் மூன்று விலங்குகளின் அடியைக் கண்டனர். உவமை எவ்வாறு பிறக்கிறது என்பதை விளக்க இதனினும் எளிய சான்று அரிது. இலையைப் பறித்துக் கையில் கொடுத்து, ‘உனக்கு எது தோன்றுகிறது?’ என்று கேட்டால் மாணவன் நான்காவது உவமையைக் கூறினும் கூறுவான்.

புன்னை கரையோரத்து மரம். பளபளக்கும் தடித்த இலையில் நெருங்கிய நரம்புகள் இணைகோடுகளாக ஓடும். வெண்ணிற இதழ்களின் நடுவே பொன்னிறத் தாதுக் கற்றை தோன்றும். காய் உருண்டையானது, அதன் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் முன்னாளில் விளக்கெரிக்கப் பயன்பட்டது. மலாய் மொழியில் இது ‘பெனாகா லாவுட்’.

தாழையின் இலை விளிம்பில் முள் இருக்கும். தண்டிலிருந்து விழுதுபோல் வேர் இறங்கி மணலில் ஊன்றும். தமிழகத்தில் கூந்தலில் சூடும் தாழம்பூ இதன் ஆண்பூங்கொத்து. மலேசிய வீடுகளில் சோற்றிலும் பலகாரத்திலும் மணத்துக்காகச் சேர்க்கும் பாண்டான் இலை இதன் இனத்தைச் சேர்ந்ததே. ஆதலின், தாழையை மாணவன் அறியாதவன் அல்லன். அதன் உறவினரை அடுக்களையில் நாள்தோறும் காண்கிறான்.

விடுதிகள் எழுவதற்காக மணல் சமன் செய்யப்பட்ட இடங்களில் இவற்றைத் தேடுவது வீண். மனிதர் கை மிகுதியும் படாத கரையோரங்களில் தேடவேண்டும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல். ஞாயிறு சாயும் பொழுது என்று உரையாசிரியர் பொருள் கொண்டனர். சென்னைக் கடற்கரையில் நிற்பவனுக்கு ஞாயிறு கடலில் தோன்றி நிலத்தில் மறையும். மேற்கு நோக்கிய போர்ட்டிக்சன் கரையிலோ அது கடலிலேயே மறைகிறது. மாலை 7 மணிக்குமேல் ஒரு கால்மணி நேரம் மணலில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு எற்பாடு என்னும் சொல்லுக்கு உரை தேவையில்லை.

ஓதமும் பிறையும்

காலையில் குளித்த இடம் நண்பகலில் சேறும் மணலுமாகக் கிடக்கக் கண்டு சிறுவர் வியப்பர். கடல் எங்கே போயிற்று என்பர். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே நேற்றைய நேரம் இன்றைக்குப் பொருந்தாது. நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்தும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகும். இவ்வேற்றத்துக்குத் தமிழில் ‘ஓதம்’ என்னும் அழகிய பழஞ்சொல் உண்டு.

நீர் வற்றும் நேரம் குளிக்க ஏற்றதன்று. ஆனால் பார்க்க ஏற்றது. மணலில் நண்டு தோண்டிய வளைகளும், அவ்வளையைச் சுற்றி அது உருட்டி வைத்த மணலுருண்டைகளும், சிப்பிகளும், பாறையை ஒட்டி வாழும் உயிர்களும் அப்போதே தெரியும். கரை சாய்வு குறைந்தது என்று நம்பிச் சிறுவரைத் தனியே விடுதல் ஆகாது. நீர் திரும்பும்போது மணல்மேட்டில் நிற்பவரைச் சுற்றிப் பள்ளங்கள் முதலில் நிறையும். சொறிமீன் தீண்டுவதும் உண்டு. புறப்படுமுன் அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்வது பள்ளிக்குழுவினரின் கடமை.

எட்டாங்கட்டையை அடுத்த தெலுக் கெமாங்கில் மக்கள் கூட்டம் மிகுதி. தெலுக் என்றால் குடா. படகோட்டமும் நீர் விளையாட்டும் இங்கு உண்டு. இவ்விடத்தில் ஒரு வானாய்வு நிலையமும் இருக்கிறது. நோன்பு மாதமும் நோன்புப் பெருநாளும் பிறை கண்டு அறிவிக்கப்படுவன. இளம்பிறை ஞாயிறு மறைந்த சிறிது நேரத்தில் தானும் மறையும். ஆதலால் அதைத் தேடுவோருக்கு மேற்கே தடையில்லாத அடிவானம் வேண்டும். மலையும் மரமும் கட்டடமும் இல்லாத அவ்வடிவானத்தை இக்கடற்கரை தருகிறது. பெருநாள் அறிவிப்பை வானொலியில் ஆவலோடு கேட்கும் மாணவனுக்கு, அதற்கான பார்வையிடங்களுள் ஒன்று தான் விளையாடிய கரையிலேயே உள்ளது என்று அறிவது மகிழ்ச்சி தரும்.

பிளந்த முனை

கரையின் தென்கோடியில் காடு சூழ்ந்த மேடாகக் கடலுக்குள் நீண்டிருப்பது தஞ்சோங் துவான். தஞ்சோங் என்றால் முனை. போர்த்துக்கீசியர் இதனை ‘காபோ ராச்சாடோ’ என்றனர். பிளந்த முனை என்பது பொருள். சுற்றிலும் நெகிரி செம்பிலான் நிலமாக இருக்க, இம்முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது. வாயிலைக் கடந்தால் மாநிலமும் மாறிவிடுகிறது.

காட்டினூடே செல்லும் ஏற்றப்பாதையின் முடிவில் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. போர்த்துக்கீசியர் 1528ஆம் ஆண்டளவிலேயே இங்கு விளக்கேற்றினர் என்பது வழிவழிச் செய்தி. இன்று காணும் கோபுரம் 1863ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. மேட்டிலிருந்து பார்த்தால் நீரிணையில் கப்பல்கள் ஓயாமல் செல்வது தெரியும். உலகிலேயே நெருக்கம் மிகுந்த கடல் வழிகளுள் இது ஒன்று. கரைக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள நீர்ப்பரப்பில்தான் 1606ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெரும்போர் ஒன்று நடந்தது.

அப்போது மலாக்கா போர்த்துக்கீசியரிடம் இருந்தது. கோர்னேலிஸ் மாத்தெலீஃப் என்னும் தளபதியின் கீழ் 11 கப்பல்களோடு வந்த டச்சுக்காரர், ஜொகூர் அரசின் துணையுடன் மலாக்காவை முற்றுகையிட்டனர். கோவாவிலிருந்து போர்த்துக்கீசிய ஆளுநர் பெரும் கப்பற்படையோடு உதவிக்கு வந்தார். முற்றுகையை விட்டு டச்சுக்காரர் கடலுக்குத் திரும்பினர். இம்முனைக்கு அருகே இரு படைகளும் மோதின. ஆகஸ்டு 18ஆம் நாளில் ஒன்றோடொன்று பிணைந்த கப்பல்களில் தீப்பற்றியது. டச்சுக்காரரின் ‘நசாவ்’, ‘மிடல்பர்க்’ என்னும் இரண்டும் போர்த்துக்கீசியரின் கப்பல்கள் இரண்டும் எரிந்து மூழ்கின. டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றியது 1641ஆம் ஆண்டில்தான்.

387 ஆண்டுகள் கடலடியில் கிடந்த நசாவ் கப்பலின் சிதைவு 1993ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அகழாய்வு நடத்தி அதிலிருந்த பொருள்களை மேலே கொண்டுவந்தனர். அவற்றுட் சிலவே லுக்குட் அருங்காட்சியகத்தில் உள்ளவை. காலையில் அங்கே அப்பொருள்களைக் கண்ட மாணவன், மாலையில் முனையின்மேல் நின்று அவை கிடந்த கடலைக் காண்பானாயின் வரலாறு அவன் மனத்தைவிட்டு நீங்காது.

பருந்துகள் வரும் வழி

பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் இம்முனைக்கு வருவோருக்கு வேறொரு காட்சி காத்திருக்கிறது. வட ஆசியாவில் இனம்பெருக்கும் பருந்தினங்கள் குளிருக்கு அஞ்சித் தெற்கே சுமத்திராவுக்கும் அதற்கு அப்பாலும் சென்று, குளிர் நீங்கியதும் வடக்கே திரும்புகின்றன. அவற்றுள் தேன்பருந்து மிகுதி. குளவிக் கூடுகளையும் தேனடைகளையும் கலைத்துப் புழுவை உண்பதால் அப்பெயர் பெற்றது.

பெரும் பறவைகள் நெடுந்தொலைவு சிறகடித்துப் பறப்பதில்லை. வெயிலால் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் இறகு விரித்துச் சறுக்கிச் செல்லும். கடலின்மேல் அத்தகைய காற்று எழுவதில்லை. ஆதலால் கடல் குறுகிய இடத்தைத் தேர்ந்தே கடக்கின்றன. சுமத்திராவை ஒட்டிய ரூபாட் தீவுக்கும் தஞ்சோங் துவானுக்கும் இடையே 40 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. களைத்துத் தாழ்ந்து வரும் பறவைகள் முனையின் காட்டை அடைந்ததும் மீண்டும் சூட்டுக்காற்றில் ஏறும். நண்பகல் வேளையில் தலைக்கு மேலே அவை கூட்டமாகச் சுழல்வதைக் காணலாம். இதனைக் காணவும் எண்ணவும் மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிப் பருந்து காண் விழா நடத்தி வந்துள்ளது.

இம்முனையின் காடு அழியுமாயின் அப்பறவைகளுக்கு வந்து தங்கும் முதல் நிழல் இல்லாமற்போகும். கடற்கரையில் எஞ்சியுள்ள காடு சிறிதாயினும் அதன் பயன் சிறிதன்று.

பெங்காலான் கெம்பாஸ் கற்கள்

கடற்கரையைவிட்டுத் தென்கிழக்கே லிங்கி ஆற்றை நோக்கிச் சென்றால் பெங்காலான் கெம்பாஸ் என்னும் சிற்றூர் வரும். பெங்காலான் என்றால் துறை. கெம்பாஸ் என்பது ஒரு பெருமரம். இரயில் வருமுன் ஆற்றுவழி வணிகம் நடந்த துறைகளுள் இதுவும் ஒன்று.

இங்கே ஷேக் அகமது மஜ்னூன் என்பாரின் கல்லறை உள்ளது. அங்குள்ள கல்வெட்டு 1467ஆம் ஆண்டைச் சார்ந்தது. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். கல்லறையின் அருகே நெடிய செதுக்குக் கற்கள் நிற்கின்றன. வடிவம் நோக்கி அவற்றை வாள், அகப்பை, சுக்கான் என்று மக்கள் அழைக்கின்றனர். இத்தகைய நெடுங்கற்கள் நெகிரி செம்பிலான், மலாக்கா எல்லைப் புறங்களில் பலவிடங்களில் உண்டு. அவை நாளடைவில் வளர்கின்றன என்று நம்பி ‘உயிருள்ள கல்’ என்பர். துளையுள்ள கல் ஒன்றும் இங்கே உண்டு. பொய் கூறுபவன் அத்துளையில் கையிட்டால் கல் இறுக்கிப் பிடிக்கும் என்பது கதை. தமிழ் மாணவருக்கு நடுகல் நினைவுக்கு வரலாம். எனினும் தோற்றம் ஒத்திருப்பது கொண்டே இரண்டும் ஒன்று எனத் துணிதல் ஆய்வு நெறியாகாது.

உறுதியான தொடர்பு வேறிடத்தில் உள்ளது. அக்கல்வெட்டு இருவகை எழுத்துகளில் அமைந்தது. ஒன்று அரபு எழுத்தின் வழிவந்த ஜாவி. மற்றொன்று சாவகத்தில் வளர்ந்த காவி. அக்காவி எழுத்து, பல்லவர் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்த எழுத்தின் வழித்தோன்றல். பழைய எழுத்து மறையும் காலமும் புதிய எழுத்து வேரூன்றும் காலமும் ஒரு கல்லின்மேல் சந்தித்திருக்கின்றன. காஞ்சியின் எழுத்துக்குத் தூர உறவான வடிவத்தை விடுமுறைக் கடற்கரை ஒன்றின் அருகே காணலாம் என்பது ஆசிரியர் பலர் அறியாத செய்தி.

ஆசிரியர் செய்யத்தக்கன

இவ்வளவையும் ஒரே நாளில் காட்ட முயல்வது தகாது. லுக்குட் கோட்டையும் அருங்காட்சியகமும் காலையில். கரையும் செடிகொடிகளும் பகலில். தஞ்சோங் துவான் பிற்பகலில். ஞாயிறு மறைவதைக் கண்டு திரும்புதல் என்று அமைத்துக்கொண்டால் ஒரு நாள் நிறையும். பெங்காலான் கெம்பாஸ் மற்றொரு பயணத்துக்கு நிற்கட்டும். குளிப்பதையும் விளையாடுவதையும் குறைக்கவேண்டியதில்லை. அவற்றுக்காகவே சிறுவர் வருகின்றனர். இடையிடையே பத்து நிமிடம் நின்று பெயர் சொல்லிக் காட்டினால் போதும்.

மாணவர் கையில் ஒரு சிறு ஏடு இருத்தல் நன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயரும் ஒரு கேள்வியும் அதில் எழுதட்டும். வீடு திரும்பியபின் பாட்டன் பாட்டியரிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லலாம்: எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தீர்கள், அத்தோட்டத்துக்குத் தமிழர் வழங்கிய பெயர் என்ன, கடலுக்கு எப்படிச் சென்றீர்கள்? இரப்பர் மரம் நின்ற நிலங்களில் வீடுகளும் விடுதிகளும் எழுந்துவிட்டன, லயங்கள் மறைந்துவிட்டன. அங்கு வாழ்ந்தோரின் நினைவில் மட்டும் இருக்கும் பெயர்களை எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. லுக்குட்டின் ராஜாவுக்கும் டச்சுத் தளபதிக்கும் வரலாற்று நூல்களில் இடம் உண்டு. தண்டவாளம் போட்டவருக்கும் பால் மரம் சீவியவருக்கும் பேரக் குழந்தைகளின் கட்டுரை ஏட்டிலேனும் இடம் வேண்டும்.

அவ்வாறு செய்தபின் ‘கடற்கரையில் ஒரு நாள்’ என்னும் தலைப்பை மீண்டும் கொடுத்துப் பார்க்கலாம். அடும்பிலையை எதற்கு ஒப்பிட்டான், எட்டாங்கட்டைக்குப் பொருள் எழுதினானா, பாட்டி சொன்ன தோட்டத்துப் பெயர் யாது என்று ஆசிரியர் ஆவலோடு படிக்கும் கட்டுரைகள் அப்போது வரும். ஊர்ப்பெயரை மாற்றினால் அக்கட்டுரைகள் வேறெந்த ஊருக்கும் பொருந்தா.